கிரில்: தென்துருவக் கடலின் அச்சாணி

2025 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில், உலகின் தென்கோடியில் ஒரு மீன்பிடிப் பருவம் குறித்த நாளுக்கு ஏறத்தாழ நான்கு மாதங்கள் முன்னதாகவே முடித்துவைக்கப்பட்டது. அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கடலின் தென் அட்லாண்டிக் பகுதியில், அந்தப் பருவம் முழுமைக்கும் அனுமதிக்கப்பட்டிருந்த 6 லட்சத்து 20 ஆயிரம் டன் கிரிலும் அதற்குள் பிடிக்கப்பட்டுவிட்டது. அந்த வரம்பு முழுமையாக எட்டப்பட்டதும், அதன் காரணமாகப் பருவம் மூடப்பட்டதும் இதுவே முதல் முறை.

நம்மில் பலரின் கண்ணில் படாமலேயே போயிருக்கக்கூடிய செய்தி இது. ஆனால், பொதுச் சொத்தை மனிதர்கள் எப்படிப் பகிர்ந்துகொள்கிறார்கள், எங்கே தவறுகிறார்கள் என்பதை அறிய விரும்புவோருக்கு இதைவிடத் தெளிவான பாடம் அண்மைக் காலத்தில் கிடைத்ததில்லை. அந்தப் பாடத்தைப் புரிந்துகொள்ள, முதலில் அந்தச் சிற்றுயிரை அறிந்துகொள்ள வேண்டும்.

உறைபனியில் ஒரு பெருங்கூட்டம்

கிரில் மீனன்று, இறாலுக்கு உறவான ஓட்டுடலி. 'கிரில்' என்பது நார்வே மொழிச் சொல். சின்னஞ்சிறு மீன்குஞ்சுகளைக் குறிப்பது. உலகக் கடல்களில் 80க்கும் மேற்பட்ட கிரில் இனங்கள் உள்ளன. அவற்றுள் அண்டார்க்டிக் கிரில்தான் பெரும்புகழ் பெற்றது. நம் சந்தைகளில் கிடைக்கும் சென்னாக்கூனியைக் கண்டவர்கள், அதைச் சற்றுப் பெரிதாக்கி மனத்தில் நிறுத்திக்கொண்டால் போதும். முழு வளர்ச்சி அடைந்த அண்டார்க்டிக் கிரில் 6 சென்டிமீட்டர் நீளமும் 2 கிராம் எடையும் கொண்டது. ஒளி ஊடுருவும் உடல், அதில் செந்நிறப் புள்ளிகள், பெரிய கருங்கண்கள், நீலப்பச்சை ஒளியை உமிழும் உறுப்புகள் ஆகியவை இதன் அடையாளங்கள்.

தனியாக நோக்கினால் அற்பமான இவ்வுயிரின் வலிமை அதன் கூட்டத்தில் இருக்கிறது. அடர்ந்த திரளில் ஒரு கன மீட்டர் நீரில் 10 ஆயிரம் முதல் 30 ஆயிரம் கிரில்கள் வரை இருக்கும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் அத்தகைய திரள்கள் கடலின் நிறத்தையே செம்மையாக மாற்றிவிடுவதுண்டு. அண்டார்க்டிக் கிரிலின் மொத்த எடை 37 கோடியே 90 லட்சம் டன் என்று 2009ஆம் ஆண்டில் வெளியான ஒரு மதிப்பீடு கூறுகிறது. உலக மக்கள் அனைவரையும் ஒரு தராசுத் தட்டில் நிறுத்தினால் ஏறத்தாழ அந்த எடைதான் வரும். காட்டில் வாழும் விலங்கினங்களுள் இத்தனை எடை கொண்ட ஒற்றை இனம் வேறெதுவும் இல்லை.

குளிரை இது தாங்கும் விதம் வியப்புக்குரியது. கடல்நீர் சுமார் மைனஸ் 1.8 டிகிரி செல்சியஸில்தான் உறைகிறது. மீன்களின் குருதியில் உப்பு குறைவு. எனவே, அண்டார்க்டிக் மீன்கள் உறையாமல் இருக்கச் சிறப்பான புரதங்களைச் சுரக்க வேண்டியிருக்கிறது. கிரிலின் உடல்நீரோ கடல்நீருக்கு நிகரான உப்புச் செறிவு உடையது. கடல் உறையாத வரையில் அதுவும் உறைவதில்லை.

குளிரைவிடக் கடுமையான சோதனை, பல மாதங்கள் நீளும் இருண்ட குளிர்காலம். கிரிலின் முதன்மை உணவு, நீரில் மிதக்கும் நுண்பாசிகள். சூரிய ஒளி இல்லாவிட்டால் அவை வளர்வதில்லை. அந்தக் காலத்தில் கிரில் மூன்று வழிகளைக் கையாள்கிறது. கோடையில் சேமித்த கொழுப்பைச் சிறிது சிறிதாகச் செலவிடுகிறது. கடற்பனியின் அடிப்பரப்பில் படிந்து வளரும் பாசியைக் கால்களால் சுரண்டித் தின்கிறது. அதுவும் கிட்டாதபோது தன் உடலையே சுருக்கிக்கொள்கிறது. ஓட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் முன்னிருந்ததைவிடச் சிறிய ஓட்டை அணிகிறது. ஆய்வகத்தில் 200 நாள்களுக்கும் மேலாக உணவின்றி இது உயிர் வாழ்ந்திருக்கிறது. வரவு குறைந்தால் செலவைக் குறைத்துக்கொள்ளும் இந்தச் சிக்கனத்தை எந்தக் குடும்பத் தலைவியும் மெச்சுவார்.

கிரிலின் மரபணுத்தொகுதி 2023இல் முழுமையாகப் படித்தறியப்பட்டது. அதில் ஏறத்தாழ 4,800 கோடி எழுத்துகள் உள்ளன. மனிதருக்கு இருப்பவை 300 கோடிதான். தாய்க் கிரில் இடும் முட்டைகள் பல நூறு மீட்டர் ஆழத்துக்கு மூழ்கி, அங்கே இருளில் பொரிகின்றன. பிறந்த குஞ்சுகள் மேற்பரப்பை நோக்கி வாரக்கணக்கில் நீந்தி ஏறுகின்றன. அவற்றுக்கு முதல் குளிர்காலத்தைக் கடக்கத் துணையாக இருப்பது கடற்பனி. பனியின் அடியில் உணவும் உண்டு, ஒளிந்துகொள்ள இடுக்கும் உண்டு. எனவே, கடற்பனிதான் கிரிலின் தொட்டில். பனி குறைந்தால் அடுத்த தலைமுறை குறைகிறது.

உண்பதும் உரமாவதும்

தென்துருவக் கடலின் உணவுச் சங்கிலி மிகவும் குட்டையானது. ஒளியில் வளரும் நுண்பாசியைக் கிரில் தின்கிறது. கிரிலை மற்ற அனைத்தும் தின்கின்றன. நீலத் திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம், அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ ஆகிய பென்குயின்கள், ஆல்பட்ரோஸ் பறவைகள், கணவாய்கள், மீன்கள் எனப் பட்டியல் நீளும். 'நண்டுத்தின்னி' என்று பெயர் பெற்ற சீல் உண்மையில் நண்டைத் தின்பதில்லை. கிரிலை வடித்தெடுப்பதற்கென்றே சல்லடை போன்ற பற்களைப் பெற்றிருக்கிறது. உலகிலேயே மிகப் பெரிய விலங்கு, இரண்டு கிராம் எடையுள்ள உயிரைத் தின்றே வளர்கிறது. இடையில் வேறு படிகள் இல்லாததால் சக்தி வீணாவதில்லை. ஆனால், அந்த ஒற்றைப் படி சரிந்தால் ஏறுவதற்கு வேறு படியும் இல்லை.

இது ஒருவழிப் பாதையும் அன்று. தென்கடலில் நைட்ரஜனுக்குக் குறைவில்லை, இரும்புச்சத்துக்குத்தான் தட்டுப்பாடு. அது இல்லாமல் நுண்பாசி செழிப்பதில்லை. திமிங்கிலங்களின் கழிவில் கடல்நீரில் இருப்பதைப்போல ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு செறிவில் இரும்புச்சத்து இருப்பதை 2010இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கிரிலைத் தின்னும் திமிங்கிலம், கிரிலுக்கு உணவாகும் பாசிக்கு உரமிடுகிறது. இருபதாம் நூற்றாண்டில் திமிங்கிலங்கள் பெருமளவில் அழிக்கப்பட்டபோது, தின்பவர் குறைந்ததால் கிரில் பெருகும் என்றுதான் பலரும் எதிர்பார்த்தனர். அப்படி நிகழவில்லை. தின்றவர் போனபோது உரமிட்டவரும் போய்விட்டார் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கங்களுள் ஒன்று.

கிரிலுக்கு இன்னொரு பணியும் உண்டு. அது தின்ற பாசியில் இருக்கும் கார்பனின் ஒரு பகுதி, அதன் கழிவுத் துகள்களோடு ஆழ்கடலுக்கு இறங்கி, நீண்ட காலம் அங்கேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு ஆண்டுதோறும் குறைந்தது 2 கோடி டன் கார்பன் ஆழத்தில் சேர்வதாக 2024இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. சதுப்புநிலக் காடுகள் முதலிய கடலோரத் தாவரங்கள் செய்யும் பணிக்கு இது நிகரானது. இந்தச் சேவைக்குச் சந்தையில் விலை கிடையாது. விலை இல்லாதது மதிப்பில்லாதது என்று கருதிவிடுவது, சந்தைக் கணக்கின் பழைய கோளாறு.

திமிங்கிலம் கற்றுத்தந்த பாடம்

1904இல் தென் ஜார்ஜியா தீவின் கிரிட்விகனில் முதல் திமிங்கில வேட்டை நிலையம் அமைந்தது. அடுத்த எழுபது ஆண்டுகளில் தென் அரைக்கோளத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. ஒரு காலத்தில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமாக இருந்த அண்டார்க்டிக் நீலத் திமிங்கிலங்கள் சில நூறாகச் சுருங்கின.

அந்த வேட்டைக்குக் கட்டுப்பாடே இல்லாமல் இல்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஆண்டுக்கு 16 ஆயிரம் 'நீலத் திமிங்கில அலகு' என்று ஒரு வரம்பு விதிக்கப்பட்டது. ஆனால், எந்த நாட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரப்படவில்லை. வரம்பு எட்டப்பட்டதும் பருவம் மூடப்படும். அதற்குள் யார் எவ்வளவு பிடித்தாரோ அது அவருக்கு. விளைவு எளிதில் ஊகிக்கக்கூடியது. ஒவ்வொரு நாடும் மேலும் வேகமான, மேலும் பெரிய கப்பல்களை இறக்கியது. பருவம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கியது. 'திமிங்கில ஒலிம்பிக்' என்றே அது அழைக்கப்பட்டது. பந்தயத்தில் வென்றவர் என்று இறுதியில் ஒருவரும் இல்லை.

இந்த நடத்தைக்குப் பொருளியல் விளக்கம் தந்தவர் கனடாவைச் சேர்ந்த ஸ்காட் கார்டன். எவருக்கும் சொந்தமில்லாத மீன்வளத்தில், நான் இன்று விட்டுவைக்கும் மீனை நாளை நானே பிடிப்பேன் என்பதற்கு உறுதியில்லை. ஆகையால், விட்டுவைப்பதில் எனக்குப் பயனில்லை என்பதை அவர் 1954இல் விளக்கினார். 1973இல் காலின் கிளார்க் என்ற கணிதவியலாளர் இதைவிடக் கசப்பான ஓர் உண்மையைக் காட்டினார். வளம் முழுவதும் ஒரே உரிமையாளரின் கையில் இருந்தாலும் அது காப்பாற்றப்படும் என்று சொல்ல முடியாது. திமிங்கிலம் மெல்லப் பெருகுவது. அது பெருகும் வேகத்தைவிட வங்கி வட்டி விகிதம் அதிகமாக இருந்தால், எல்லாவற்றையும் இன்றே கொன்று பணமாக்கி முதலீடு செய்வதுதான் ஆதாயம் என்று கணக்குச் சொல்லும். அந்தக் கணக்கு தவறில்லை. கணக்கில் சேராதவைதான் ஏராளம்.

அறிவியல் கண்ட எச்சரிக்கை வரம்பு

கிரில் வேட்டையை 1960களில் சோவியத் ஒன்றியம் சோதனை முறையில் தொடங்கியது. 1970களில் அது வணிகமானது. 'ஓஷன்' என்ற பெயரில் கிரில் பசை சோவியத் கடைகளில் விற்கப்பட்டது. மக்களிடையே அது பெரிதாக எடுபடவில்லை. பிடித்த சில மணி நேரத்துக்குள் கிரிலின் உடலில் உள்ள நொதிகள் அதன் தசையையே கரைக்கத் தொடங்கிவிடும். ஓட்டில் உள்ள ஃபுளோரைடும் தசைக்குள் இறங்கும். இத்தனை இடர்ப்பாடுகள் இருந்தும், 1981-82 பருவத்தில் பிடிப்பு 5 லட்சம் டன்னைத் தாண்டியது.

திமிங்கிலத்துக்கு நேர்ந்தது கிரிலுக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்ற அச்சத்தில்தான் 1980இல் கான்பெராவில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1982இல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் வழியே உருவானதுதான், ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் நகரில் தலைமையகம் கொண்ட அண்டார்க்டிக் கடல்வாழ் உயிரின வளப் பாதுகாப்பு ஆணையம். 26 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதன் உறுப்பினர்கள். இந்தியாவும் அவற்றுள் ஒன்று. மீனவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதோடு நில்லாமல், அந்த மீனைத் தின்று வாழும் பிற உயிர்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று விதித்தது அந்த உடன்படிக்கையின் பெருமை. அந்நாளில் அது புரட்சிகரமான கருத்து.

ஆணையம் எப்படிக் கணக்கிட்டது என்று பார்ப்போம். 2000ஆம் ஆண்டில் நான்கு கப்பல்கள் தென் அட்லாண்டிக் பகுதியில் ஒலி அலைகளைச் செலுத்திக் கிரில் கூட்டங்களை அளந்தன. சுமார் 6 கோடி டன் இருப்பதாகத் தெரியவந்தது. அதில் 9.3 விழுக்காடு, அதாவது 56 லட்சத்து 10 ஆயிரம் டன் பிடிக்கலாம் என்று வரம்பு வகுக்கப்பட்டது. ஆனால், அந்த அளவைப் பல சிறு பகுதிகளுக்குப் பிரித்துத் தரும் முறை வகுக்கப்படும் வரையில் 6 லட்சத்து 20 ஆயிரம் டன்னைத் தாண்டக் கூடாது என்று ஒரு முன்னெச்சரிக்கை வரம்பும் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு துணைப் பகுதியிலும் அதுவரை பிடிக்கப்பட்டிருந்த உச்ச அளவுகளின் கூட்டுத்தொகை அது. உயிரியலைவிட வரலாறு தந்த எண் என்று அதைச் சொல்லலாம்.

சராசரியின் மாயை

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். இருப்பு 6 கோடி டன். பிடிப்பு 6 லட்சம் டன். நூற்றில் ஒரு பங்குதானே, இதற்கு ஏன் இத்தனை பதற்றம்? கிரில் நிறுவனங்கள் முன்வைக்கும் வாதமும் இதுவே. உலகின் வேறு பல மீன்பிடிப்புகளோடு ஒப்பிட்டால் இந்த விகிதம் மிகக் குறைவு என்பதும் மறுக்க முடியாத உண்மை.

விடை, பொருளியலில் நாம் நன்கறிந்த ஓரிடத்தில் இருக்கிறது. 1981இல் வெளியான தம் நூலில் அமர்த்தியா சென் 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சத்தை ஆராய்ந்தார். வங்கத்தில் அன்று இருந்த உணவின் மொத்த அளவை மட்டும் வைத்து லட்சக்கணக்கானோரின் மரணத்தை விளக்க முடியாது என்பது அவர் கண்ட முடிவு. உணவு இருந்தது, அது தேவைப்பட்டவருக்கு எட்டும் நிலையில் இல்லை. மொத்த இருப்பு ஒன்று, ஒருவர் கைக்கு எட்டுவது வேறொன்று.

பென்குயினுக்கும் இது பொருந்தும். குஞ்சு பொரித்திருக்கும் தாய்ப் பென்குயின் இரைக்காகக் கூட்டிலிருந்து சில பத்துக் கிலோமீட்டர்களுக்கு மேல் போய்வர இயலாது. போனால், திரும்புவதற்குள் குஞ்சு பசியில் மடியும். அதற்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் கோடி டன் கிரிலால் பயனில்லை. தன் கூட்டுக்கு அருகில், அந்தச் சில வாரங்களில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. மீன்பிடிக் கப்பல்களும் அடர்ந்த திரளைத் தேடி அதே இடத்துக்குத்தான் வருகின்றன. நவீனக் கப்பல்கள் வலையை நீருக்குள்ளேயே நிறுத்தி, குழாய் வழியாகக் கிரிலை இடைவிடாமல் உறிஞ்சி எடுக்கின்றன. பென்குயினும் திமிங்கிலமும் கப்பலும் அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய ஒரே நீர்ப்பரப்பில், ஒரே திரளுக்காகப் போட்டியிடுகின்றன. கிரில் வலைகளில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் சிக்கி மாண்ட நிகழ்வுகள் 2021, 2022 ஆண்டுகளில் பதிவாகியுள்ளன.

இதோடு பருவநிலை மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. கடந்த 90 ஆண்டுகளில் தென் அட்லாண்டிக் பகுதியின் கிரில் கூட்டம் ஏறத்தாழ 440 கிலோமீட்டர் தெற்கே நகர்ந்திருப்பதாக 2019இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. 2023 பிப்ரவரியில் அண்டார்க்டிகாவின் கோடைக்காலக் கடற்பனி 18 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவே மிகக் குறைந்த அளவு. எலிஃபன்ட் தீவில் 1971இல் எண்ணப்பட்ட சின்ஸ்ட்ராப் பென்குயின்களில் 2020க்குள் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்துவிட்டன. இந்தச் சரிவுக்கு மீன்பிடிப்பைக் குற்றஞ்சாட்டுவது பொருந்தாது; பனியும் வெப்பமும் மாறியதன் பங்கு பெரிது. ஆனால், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் குடும்பத்தின் மீது புதுக்கடனை ஏற்றுவதில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் அல்லவா?

2024இல் அறுந்த கயிறு

இந்த ஆபத்தை ஆணையம் உணராமல் இல்லை. முன்னெச்சரிக்கை வரம்பு முழுவதையும் ஒரே இடத்தில் பிடித்துவிடக் கூடாது என்பதற்காக 2009இல் அது துணைப் பகுதிகளுக்குத் தனித்தனி உச்சவரம்பு விதித்தது. அண்டார்க்டிக் தீபகற்பத்தை ஒட்டிய பகுதிக்கு 25 விழுக்காடு, அதாவது 1 லட்சத்து 55 ஆயிரம் டன் மட்டும். தற்காலிக ஏற்பாடாகத் தொடங்கிய இது, காலக்கெடு முடியும்போதெல்லாம் புதுப்பிக்கப்பட்டுவந்தது.

2024 அக்டோபர் கூட்டத்தில் அதைப் புதுப்பிப்பதில் ஒருமித்த கருத்து உருவாகவில்லை. ஏற்பாடு காலாவதியானது. அடுத்த பருவத்திலேயே அதன் விளைவு தெரிந்தது. மொத்த வரம்பு அப்படியே இருந்தது, உள்வரம்புகள் இல்லை. தீபகற்பத்தை ஒட்டிய பகுதியில் பிடிப்பு பழைய உச்சவரம்பை மீறிச் சென்றது. நவம்பர் இறுதி வரை நீள வேண்டிய பருவம் ஆகஸ்டிலேயே முடிந்தது.

திமிங்கில ஒலிம்பிக்கின் சாயல் இதில் தெரிகிறது. மொத்தத்துக்கு வரம்பு உண்டு, பங்கீடு இல்லை என்றால், முந்திக்கொள்வதே அறிவுடைமை என்று ஒவ்வொரு கப்பலும் கருதும். அதற்கு எந்த மாலுமியின் பேராசையும் காரணமாக இருக்க வேண்டியதில்லை. விதியின் அமைப்பே போதும். நார்வே, சீனா, தென் கொரியா, சிலி, உக்ரைன் ஆகிய நாடுகளின் கப்பல்கள் இத்தொழிலில் உள்ளன. பிடிக்கப்படும் கிரிலில் பெரும்பகுதி வளர்ப்பு மீன்களுக்குத் தீவனமாகிறது. ஒரு பகுதி ஒமேகா-3 மாத்திரைகளாகவும் வளர்ப்புப் பிராணிகளின் உணவாகவும் மாறுகிறது. பண்ணைச் சால்மன் மீன்களின் இளஞ்சிவப்பு நிறத்துக்கு உதவும் நிறமியும் கிரிலில் உண்டு. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு மாற்று உண்டு. பென்குயினின் உணவுக்குத்தான் மாற்று இல்லை.

நிறுவனங்கள் தரப்பில் செய்யப்பட்டுள்ள நல்லவற்றையும் சொல்லியாக வேண்டும். கிரில் பிடிக்கும் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2018இல், பென்குயின் குடியிருப்புகளை ஒட்டிய சில பகுதிகளில் இனப்பெருக்கக் காலத்தில் மீன் பிடிப்பதில்லை என்று தானாக முன்வந்து அறிவித்தது. பொதுச் சொத்தைப் பயன்படுத்துவோர் தாங்களே விதி வகுத்துக் காக்க முடியும் என்று எலினோர் ஆஸ்ட்ரோம் நிறுவினார். அதற்காகவே 2009இல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால், அவர் ஆராய்ந்த வெற்றிக் கதைகளில் விதிக்குக் கண்காணிப்பும் மீறினால் தண்டனையும் துணை நின்றன. யார் வேண்டுமானாலும் புதிதாக நுழையக்கூடிய கடலில் நல்லெண்ணம் மட்டும் வேலியாகாது.

இனி என்ன செய்யலாம்?

முதலாவது, துணைப் பகுதிவாரி வரம்பை மீட்டெடுக்க வேண்டும். மொத்த அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்ற வாதத்தைப் பிறகு நடத்தலாம். எங்கே, எப்போது என்ற கேள்விக்கு விடை காண்பதுதான் உடனடித் தேவை. தீபகற்பப் பகுதியில் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி அமைக்க அர்ஜென்டினாவும் சிலியும் முன்வைத்துள்ள திட்டத்தோடு இதை இணைத்துப் பேசலாம். இத்தகைய பகுதிகள் ஆணையத்துக்குப் புதியவையல்ல. 2009இல் தென் ஆர்க்னி தீவுகளை அடுத்தும், 2016இல் ராஸ் கடலில் 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பிலும் அவை அறிவிக்கப்பட்டன. அதன்பின் வந்த திட்டங்கள் சீனாவும் ரஷ்யாவும் இசையாததால் தேங்கி நிற்கின்றன. ஒரே ஓர் உறுப்பினர் மறுத்தாலும் எதுவும் நிறைவேறாது என்பது ஆணையத்தின் நடைமுறை. அந்த விதி சிறு நாடுகளுக்குக் காப்பு. அதுவே தேக்கத்துக்கும் காரணம்.

இரண்டாவது, அளவீடு. 2000ஆம் ஆண்டின் பெரும் அளவீட்டுக்குப் பிறகு, அதே பரப்பளவில் அடுத்த அளவீடு 2019இல்தான் நடந்தது. ஐந்தாறு ஆண்டுகள் மட்டுமே வாழும் ஓர் உயிரை 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை எண்ணுவது, மூன்று தலைமுறைக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கு எடுப்பதைப் போன்றது. இதற்குப் பணம் எங்கே என்று கேட்போருக்கு வரலாற்றில் ஒரு முன்னுதாரணம் உண்டு. தென்கடலைப் பற்றிய நம் அடிப்படை அறிவில் பெரும்பகுதியைத் தந்தது, 1925இல் தொடங்கிய பிரிட்டனின் 'டிஸ்கவரி' ஆய்வுத்திட்டம். அதற்கான பணம், திமிங்கில எண்ணெய் மீது விதிக்கப்பட்ட தீர்வையிலிருந்து வந்தது. வளத்தை எடுப்பவரே அந்த வளத்தை அறிவதற்கான செலவையும் ஏற்றார். இன்று கிரிலின் ஒவ்வொரு டன்னுக்கும் ஒரு சிறு தீர்வை விதித்து, அதை முழுவதும் அளவீட்டுக்கும் கண்காணிப்புக்கும் ஒதுக்கினால், ஆணையத்தின் வாதங்கள் பழைய எண்களின் மீது நடக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, இந்தியாவின் பங்கு. 1981இல் முதல் பயணக்குழுவை அனுப்பியதிலிருந்து அண்டார்க்டிகாவில் நமக்குத் தொடர்ச்சியான இருப்பு உண்டு. மைத்ரி, பாரதி ஆகிய இரு ஆய்வு நிலையங்களும் உண்டு. கிழக்கு அண்டார்க்டிகாவிலும் வெட்டல் கடலிலும் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதிகள் அமைக்கும் திட்டங்களை இணைந்து முன்மொழிய 2021இல் இந்தியா முன்வந்தது. 2022இல் நாடாளுமன்றம் இந்திய அண்டார்க்டிக் சட்டத்தை இயற்றியது. 2024 மே மாதம் அண்டார்க்டிக் உடன்படிக்கை நாடுகளின் ஆலோசனைக் கூட்டத்தைக் கொச்சியில் நடத்தினோம். கிரில் பிடிப்பில் குறிப்பிடத்தக்க வணிக நலன் ஏதும் நமக்கு இல்லை. ஆகவே, இரு தரப்பும் ஐயமின்றிக் காது கொடுக்கக்கூடிய ஒரு சில குரல்களுள் நம் குரலும் ஒன்று. முட்டுக்கட்டையை அகற்றும் நடுவராகச் செயல்பட இதைவிட நல்ல தகுதி வேறு வேண்டியதில்லை. நாளை நாமும் அங்கே வலை வீசலாம் என்ற எண்ணம் யாருக்காவது இருந்தால், விதிகள் உறுதியாக இருப்பது அவர்களுக்கும் நலமே.

ஆணையம் ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் ஹோபார்ட்டில் கூடுகிறது. அங்கே பேசப்படுவது நம் அன்றாடத்துக்கு வெகு தொலைவில் உள்ளதாகத் தோன்றலாம். திமிங்கிலத்தின் கதையில், எல்லாம் முடிந்த பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. வணிக வேட்டைக்கான தடை 1986இல்தான் நடைமுறைக்கு வந்தது. கிரிலின் கதையில் வளம் இன்னும் அழியவில்லை; விதிகள் மட்டுமே தளர்ந்திருக்கின்றன. தளர்ந்த விதியை இறுக்குவதற்கு ஆகும் செலவு, அழிந்த வளத்தை மீட்பதற்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்குதான். பொதுச் சொத்தைக் காப்பதில் இவ்வளவு மலிவான வாய்ப்பு அடிக்கடி வருவதில்லை.